பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் கீச்சிடும் பூனை விரட்டி: என்ன செய்யலாம்? ஒரு முழுமையான வழிகாட்டி

வட சென்னையில் தனி வீடும் கையளவு மண்ணும் வைத்திருப்பவர்களுக்குப் பூனை, பெருச்சாளி, தெருநாய் மூன்றும் ஓயாத தொல்லை. காசிமேட்டு மீன் வராத தெரு இங்கே குறைவு. மீன் கழுவிய தண்ணீர் ஓடும் இடத்தில் பூனை நிற்காமல் இருக்காது. அதனால் கொடுங்கையூர், பெரம்பூர், மாதவரம், திருவொற்றியூர் பக்கமெல்லாம் மதில் ஓரத்திலோ மாடித்தோட்டத்திலோ அங்கங்கே ஒரு சின்னப் பெட்டி தென்படுகிறது. முன்னால் வட்டமாக ஒரு ஸ்பீக்கர், அதன் பக்கத்தில் பால் நிறத்தில் சென்சார், தலையில் சோலார் தகடு. எதிரே எது அசைந்தாலும் உச்சத்தில் ஒரு கீச்சு. சில மாடல்களில் பளிச் பளிச் என்று விளக்கும் அடிக்கும். கடையில் அல்ட்ராசோனிக் ரிப்பெல்லர் என்பார்கள், தெருவில் பூனை மிஷின்.

இந்த விவகாரத்தில் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. பெட்டியை வைத்தவருக்குப் பெரும்பாலும் அந்தச் சத்தம் கேட்பதே இல்லை. மனிதக் காது 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்று பள்ளியில் படித்திருப்போம். மேல் எல்லையைப் பொறுத்தவரை அது சின்னப் பிள்ளைகளின் கணக்கு. வயது ஏற ஏற அந்த எல்லை இறங்கும். அறுபதைத் தாண்டியவர்களில் பலருக்கு 12,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் எட்டாது. பூனைக்கு 60,000 வரை கேட்கும், நாய்க்கு ஏறக்குறைய 45,000. பெட்டி 20,000க்கு மேலேயே நின்றால் யாருக்கும் தொந்தரவு இருக்காது. ஆனால் பல மாடல்கள் 13,000, 15,000 என்று கீழேயே தொடங்கிவிடுகின்றன. பிரிட்டனில் கடை வாசலில் கூடும் பையன்களை மட்டும் விரட்டுவதற்காக 17,400 ஹெர்ட்ஸ் அளவில் கத்தும் கருவியையே விற்றார்கள். பெரியவர்கள் அதன் முன்னால் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள், ஒன்றும் தெரியாது. உங்கள் பக்கத்து வீட்டுப் பெட்டி அதே வேலையை உங்கள் பிள்ளைகளிடம் செய்கிறது.

ஆகவே "வேணும்னே பண்றாங்க" என்று ஆரம்பிக்காதீர்கள். அப்படி ஆரம்பித்த பேச்சு பூனையை விட்டுவிட்டு, பொதுச்சுவர், கார் நிறுத்தும் இடம், பத்து வருஷத்துக்கு முந்தைய கல்யாணப் பத்திரிகை என்று போய்விடும்.

படி 1: சத்தம் அங்கிருந்துதான் வருகிறதா?

முதல் சந்தேகம் உங்கள் வீட்டின் மீதே இருக்கட்டும். இன்வெர்ட்டர், பழைய டிவி, எல்இடி விளக்கின் டிரைவர், மொபைல் சார்ஜர் எல்லாமே மெல்லிய கீச்சு எழுப்பக்கூடியவை. சுவர் பிளக்கில் செருகும் எலி மிஷினை நாமே வாங்கி மாட்டிவிட்டு மறந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. மெயின் சுவிட்சை அணையுங்கள், இன்வெர்ட்டரையும் சேர்த்து. அதன் பிறகும் சத்தம் வந்தால் வெளியிலிருந்துதான்.

பகுதியில் கரண்ட் போகும் நேரம் நல்ல சோதனை நேரம். அப்போது சத்தம் நின்றால் அடாப்டரில் ஓடும் கருவி. நிற்காவிட்டால் பேட்டரி அல்லது சோலார்.

உங்களுக்குக் கேட்காவிட்டால் வீட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மொட்டைமாடியில் ஒரு சுற்று வாருங்கள். "எங்க அதிகமா கேக்குது?" என்று மட்டும் கேளுங்கள். பெட்டியைக் காட்டிவிட்டுக் கேட்டால் பதில் கெட்டுப்போகும். ஓர் எச்சரிக்கை: நம் தெருக்களில் இரண்டு வீட்டுக்கு நடுவே மூன்றடி சந்துதான் இருக்கும். இந்த உச்ச ஒலி எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும். பிள்ளை இடது பக்கம் கை நீட்டுவான், பெட்டி வலது பக்கத்தில் இருக்கும்.

எப்போது அடிக்கிறது என்பதையும் கவனியுங்கள். இந்தப் பெட்டிகளில் இருப்பது பிஐஆர் என்ற சென்சார். உடம்புச் சூட்டுக்கும் சுற்றுப்புறச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசம் நகர்வதைத்தான் அது பார்க்கும். கத்திரி வெயில் மதியத்தில் அந்த வித்தியாசமே குறைந்துவிடுவதால் பெட்டி மந்தமாக இருக்கும். ராத்திரி காற்று கொஞ்சம் குளிர்ந்ததும் சுறுசுறுப்பாகிவிடும். பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் தொல்லை கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். பூனையே வராவிட்டாலும் கேட்டுக்கு வெளியே பைக் போனால் அடிக்கும்.

படி 2: கேட்காதவருக்குக் கேட்கும்படி பதிவு செய்யுங்கள்

சாதாரண டெசிபல் மீட்டர் செயலியை நம்பி இறங்காதீர்கள். அது மொத்தச் சத்தத்தை ஒரே எண்ணாகக் காட்டும். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும்போது ஒரு கீச்சு அந்த எண்ணில் எங்கே தெரியப்போகிறது? போதாக்குறைக்கு அந்த மீட்டர்கள் உச்ச அதிர்வெண்களைக் கழித்தே கணக்கிடும். 16,000 ஹெர்ட்ஸில் 6 டெசிபலுக்கு மேல் போய்விடும்.

உங்களுக்குத் தேவை ஸ்பெக்ட்ரம் காட்டும் செயலி. ஆண்ட்ராய்டில் ஸ்பெக்ட்ராய்டு இலவசமாகக் கிடைக்கிறது. ஜன்னலருகே போனை வைத்தால் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்று கோடாக வரையும். லாரி, ஃபேன், பேச்சு எல்லாம் இடது பக்கம் கும்பலாகக் கிடக்கும். பெட்டி அடிக்கும்போது மட்டும் வலது ஓரத்தில் 15,000, 17,000 பக்கம் ஓர் ஊசி எழும்பும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். போனின் மைக் ஏறக்குறைய 22,000 ஹெர்ட்ஸ் வரைதான் எடுக்கும். நமக்குக் கேட்கக்கூடிய பகுதி அதற்குள் அடங்கிவிடுகிறது, அது போதும்.

அடுத்து ஒலிப்பதிவு. ரெக்கார்டர் செயலியின் அமைப்புகளில் வேவ் (WAV) வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். எம்பி3 இடத்தை மிச்சப்படுத்துவதற்காக உச்ச ஒலியை வெட்டிவிடும். வாட்ஸ்அப் குரல் பதிவாக அனுப்பினாலும் அதே கதிதான், அதனால் கோப்பாக இணைத்து அனுப்புங்கள். பிறகு ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறந்து வேகத்தைக் கால் பங்காகக் குறையுங்கள். 17,000 ஹெர்ட்ஸ் கீச்சு 4,250 ஹெர்ட்ஸுக்கு இறங்கி வரும். அறுபது, எழுபது வயதுக்காரருக்கும் அது பெரும்பாலும் கேட்கும். பக்கத்து வீட்டுப் பெரியவரை இந்த ஒரு பதிவு அசைக்கும் அளவுக்கு வேறெதுவும் அசைக்காது.

ஒரு நோட்டில் தேதி, நேரம், யார் எங்கே இருந்தார்கள், பிள்ளை என்ன சொன்னான் என்று எழுதி வாருங்கள். அலங்காரம் வேண்டாம். "இரவு 11.20, படுக்கையறை, மூன்று முறை, மகள் எழுந்துவிட்டாள்" என்ற அளவு போதும்.

பிள்ளைக்குத் தலைவலி, தூக்கமின்மை, காதில் இரைச்சல் என்று இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. வழக்கமான செவித்திறன் சோதனை 8,000 ஹெர்ட்ஸ் வரைதான் பார்க்கும். அதில் எல்லாம் சரி என்று வந்தால் பிள்ளை நடிக்கிறான் என்று அர்த்தமில்லை. காது சரியாக இருப்பதால்தானே இந்தத் தொல்லையே! சத்தத்தின் விவரத்தை டாக்டரிடம் சொல்லி, வந்த அறிகுறிகளைச் சீட்டில் எழுதித் தரக் கேளுங்கள்.

படி 3: பேச்சு முடியும்வரை காத்திருக்காமல் வீட்டுக்குள் செய்யக்கூடியது

17,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 2 சென்டிமீட்டர்தான். கல்யாண மண்டப ஸ்பீக்கரின் அடிச்சத்தம் சுவரைத் துளைத்து வரும், இது வராது. டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகப் போய், எதிரே கெட்டியாக ஒன்று நின்றால் அதன் பின்னால் நிழல் விழும். ஆகவே ஜன்னலுக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு பிளைவுட் பலகையோ பழைய கதவோ கண்ணுக்குப் பெட்டி தெரியாதபடி நின்றால் பெரிய வித்தியாசம் தெரியும். உங்கள் பக்கத்து மதிலின் மேல் ஒரு தகரமோ பலகையோ உயர்த்திக் கட்டுவதற்கும் இதே நியாயம்தான். பொதுச்சுவராக இருந்தால் மட்டும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கண்ணாடி ஜன்னலை மூடினால் சத்தம் நன்றாகக் குறையும். மே மாதத்தில் அதை யார் செய்வது என்பது வேறு கேள்வி. கனமான திரை, சுவரோரம் துணி அலமாரி, கட்டிலை மறு மூலைக்கு நகர்த்துவது ஆகியவை உதவும். உச்ச ஒலியைத் துணி நன்றாக உறிஞ்சும். கொசுவலை உதவாது, அதில் ஓட்டைதான் அதிகம்.

படி 4: பேசப் போவது

ஞாயிற்றுக்கிழமை காலை டிபன் முடிந்த நேரம் நல்லது. ராத்திரி சத்தம் வந்த கோபத்தோடு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டாதீர்கள். ஒருவர் போனால் போதும். நாலு பேர் போனால் பஞ்சாயத்து வந்ததாகத் தோன்றும்.

பேச்சை அவருடைய கஷ்டத்திலிருந்து தொடங்குங்கள். அந்தப் பெட்டிக்கு அவர் சும்மா காசு செலவழித்திருக்க மாட்டார். மாதவரம் தோட்டக்கலைப் பூங்காவிலிருந்தோ நர்சரியிலிருந்தோ வாங்கி வந்த செடியின் தொட்டியில் பூனை தினமும் தோண்டி அசிங்கம் செய்தால் யாருக்கும் எரிச்சல் வரும்.

"சார், உங்க தொட்டியிலயும் பூனை வருதா? எங்க மாடியிலயும் ஒரே தொல்லை. நீங்க ஒரு மிஷின் வெச்சிருக்கீங்களே, அது கொஞ்சம் சத்தம் போடுது சார். எனக்கும் கேக்கல, உங்களுக்கும் கேக்காது. பையனுக்கு மட்டும் நல்லாக் கேக்குது. ராத்திரி தூங்கவே மாட்டேங்கிறான். ஒரு நிமிஷம் இந்த ரெக்கார்டிங்கைக் கேக்குறீங்களா?"

"எனக்கும் கேக்கல" என்பது உண்மையாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள். உங்களுக்கே கேட்டால் அதையும் சொல்லிவிடலாம்.

அவர் நம்பாவிட்டால் அவருடைய பேரனோ பேத்தியோ வரும் நாளில் ஒரு சின்ன விளையாட்டு வைக்கலாம். பிள்ளை கண்ணை மூடித் திரும்பி நிற்கட்டும். தாத்தா சொல்லாமல் பெட்டியை ஆன் செய்யட்டும், அணைக்கட்டும். சத்தம் வரும்போது பிள்ளை கையைத் தூக்க வேண்டும். தன் சொந்தப் பேத்தி ஒவ்வொரு முறையும் சரியாகக் கை தூக்குவதைப் பார்த்த பிறகு வாதாடுவதற்கு அவரிடம் எதுவும் இருக்காது.

பெட்டி வைத்தவர் குடித்தனக்காரராக இருந்தால் நேராக வீட்டு ஓனரிடம் போய்விடாதீர்கள். அவருக்கு அது பெரிய அவமானம். முதலில் அவரிடமே பேசுங்கள். நீங்கள் குடித்தனக்காரர் என்றால் உங்கள் ஓனரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது. நாளைக்குக் கடிதம், புகார் என்று போனால் அவர் பெயரும் அடிபடும்.

படி 5: பெட்டியை எடுக்காமலே தொல்லையைக் குறைப்பது

"எடுத்துடுங்க" என்பது கடைசியில் கேட்க வேண்டியது. அதற்கு முன் பெட்டியின் பின்புறம் பாருங்கள். பெரும்பாலான மாடல்களில் அதிர்வெண்ணை மாற்ற ஒரு திருகு இருக்கும். வாங்கியபோது இருந்த இடத்திலேயே அது கிடக்கும், யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். அதை 20,000க்கு மேல் உள்ள நிலைக்குத் திருப்பினால் பிள்ளைகளின் தொல்லை பெரும்பாலும் முடிந்தது, பூனைக்குத் தொல்லை தொடரும். இரண்டு வீட்டுக்கும் நல்லது. ஏற்றி இறக்கிப் பல அதிர்வெண்களில் அடிக்கும் நிலை இருந்தால் அது வேண்டாம், கீழே வரும்போதெல்லாம் கேட்கும். மனிதருக்குக் கேட்கும் அலாரம் ஒன்று தனியாக இருந்தால் அதையும் அணைக்கச் சொல்லுங்கள்.

பிறகு திசை. இந்த ஒலி நேராகப் போகும் என்று மேலே பார்த்தோம். உங்கள் ஜன்னலை நோக்கி நிற்கும் பெட்டியை அவர் தோட்டத்தின் உள்பக்கமாகத் திருப்பினாலே பாதி தீரும். சென்சாரின் மேல் பாதியில் கருப்பு டேப் ஒட்டினால் தூரத்து அசைவுக்கெல்லாம் அடிக்காது. இரவு பத்து மணிக்கு மேல் அணைப்பது என்று பேசினால் அவர் ஒப்புக்கொள்வது சிரமம், பூனை வருவதே அப்போதுதான். அதனால் நேரத்தைப் பற்றிப் பேரம் பேசாமல் திருகையும் திசையையும் பற்றிப் பேசுங்கள்.

வீட்டில் நாய் வளர்க்கிறீர்களா? அப்படியானால் இந்தத் தீர்வு உங்களுக்குப் போதாது. 25,000 ஹெர்ட்ஸ் உங்களுக்குக் கேட்காது, நாய்க்கு நன்றாகக் கேட்கும். திசையை மாற்றுவதும் மறைப்புப் பலகையும்தான் வழி.

படி 6: அவருடைய பூனைக்கு நீங்களே ஒரு வழி சொல்லுங்கள்

என்னைக் கேட்டால் மொத்த விவகாரமும் தீருவது இங்கேதான். பெட்டியை எடுத்த மறுநாள் தொட்டியில் மறுபடி பூனை தோண்டியிருந்தால் பெட்டி திரும்பி வந்துவிடும், இந்த முறை வீம்போடு. அதனால் மாற்று வேலை முதலில் நடக்கட்டும், பெட்டி பிறகு நகரட்டும்.

பெட்டி எவ்வளவு வேலை செய்கிறது என்பதிலும் சந்தேகம் இருக்கிறது. மீயொலி விரட்டிகளைத் தயாரித்து விற்கும் 60க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2001இல் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. விளம்பரத்தில் சொல்வதற்கு அறிவியல் ஆதாரம் வேண்டும் என்பதே அதன் சாரம். எலிகள் சில நாளில் இந்தச் சத்தத்துக்குப் பழகிவிடும். பூனை விஷயத்தில் வருகை ஓரளவு குறைந்ததாகச் சோதனைகள் உண்டு, ஆனால் முழுசாக நிற்பதில்லை. காக்கை, புறாவுக்கு இந்த அதிர்வெண்களே கேட்காது. அதற்காகப் பெட்டி வைத்திருந்தால் காசு வீண், வலைதான் சரி.

பூனை தொட்டிக்கு வருவது இளகிய, காய்ந்த மண்ணைத் தேடி. மண்ணின் மேல்பரப்பை மூடிவிட்டால் அதற்கு அங்கே வேலையில்லை. கோழி வலையைத் தொட்டியின் வாய் அளவுக்கு வெட்டி, தண்டு வர நடுவில் ஓட்டை விட்டு, மண்ணோடு ஒட்டிப் பதித்துவிடுங்கள். தண்ணீர் இறங்கும், செடி வளரும், பூனையால் தோண்ட முடியாது. காசு செலவழிக்க மனமில்லையா? கொட்டாங்குச்சிகளைக் கவிழ்த்து நெருக்கமாக அடுக்குங்கள், அல்லது கூழாங்கல். தரையில் பாத்தியாக இருந்தால் எலுமிச்சை, காகிதப்பூ மரக் கிளைகளை வெட்டி முள்ளோடு பரப்பலாம். கைக்குழந்தை விளையாடும் தோட்டத்தில் மட்டும் முள் வேண்டாம். ஆரஞ்சுத் தோல் போடச் சொல்வார்கள். வாசனை இருக்கும்வரை கொஞ்சம் கேட்கும், காய்ந்ததும் அதன் மேலேயே உட்காரும்.

ஏற்கெனவே அசிங்கம் செய்த இடத்தை நன்றாகக் கழுவ வேண்டும், வாசனை இருந்தால் அதே இடத்துக்குத் திரும்ப வரும். பினாயில் ஊற்றாதீர்கள், அந்த வகைத் திரவங்கள் பூனைக்கு விஷம். பாச்சா உருண்டையும் அப்படித்தான், அதைக் குழந்தைகள் வாயில் போட்டுவிடும் ஆபத்து வேறு. மிளகாய்த்தூள் தூவுவது கொடுமை. விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960இலிருந்தே இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வெளிநாட்டு வீடியோக்களில் பூனை வந்தால் தண்ணீர் பீய்ச்சும் சென்சார் குழாயைப் பரிந்துரைப்பார்கள். மெட்ரோ வாட்டர் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்ற ஊரில் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் பங்குக்கும் ஒன்று செய்யலாம். அவர் வீட்டிலிருந்து தள்ளி, ஆள் நடமாட்டமில்லாத மூலையில் ஒரு பழைய டப்பில் எம்-சாண்டோ மணலோ நிரப்பி வைத்தால் தெருப் பூனைகள் மூடிய தொட்டியை விட்டு அங்கே போக நல்ல வாய்ப்பு உண்டு. வாரம் இரண்டு தரம் சுத்தம் செய்ய ஆள் இருந்தால் மட்டும் இதில் இறங்குங்கள். மீன் கழிவைத் தெருமுனையில் கொட்டாமல் கட்டி வைத்து, காலையில் குப்பை வண்டியில் போடுவது என்று நாலு வீடு சேர்ந்து முடிவெடுத்தாலே பூனைக் கூட்டம் குறையும்.

பெருச்சாளி வேறு ரகம். அது மழைநீர் வடிகாலிலிருந்து வளை தோண்டி வருவது. வளையைக் கண்ணாடித் துண்டு கலந்த சிமென்டால் அடைத்து, தண்ணீர் போகும் ஓட்டைகளுக்குக் கம்பி வலை போட வேண்டும். கூண்டு வைத்தால் கருவாடும் தேங்காய்த் துண்டும் நல்ல இரை. விஷம் வைத்தால் செத்த எலியைத் தின்ற பூனையும் சாகும், நாற்றம் இரண்டு வீட்டுக்கும் வரும். மழைக்காலத்தில் எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரால் எலிக் காய்ச்சல் வரும், அதனால் இந்த வேலைகளைக் கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

தெருநாய்தான் பிரச்சினை என்றால் மாநகராட்சியின் 1913 எண்ணில் சொல்லலாம், நம்ம சென்னை செயலியிலும் பதியலாம். புளியந்தோப்பில் மாநகராட்சியின் நாய் கருத்தடை மையம் இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே விடுவார்கள். நாய் நிரந்தரமாகப் போய்விடும் என்று பக்கத்து வீட்டுக்காரருக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

படி 7: பேச்சு பலிக்காவிட்டால் கடிதம்

சண்டையாக இல்லாமல், ஒரு பக்கத்துக்குள். நகலை வைத்துக்கொண்டு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பினால் ஆதாரமாகும்.

"மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் தோட்டத்தின் கிழக்கு மதிலருகே உள்ள விலங்கு விரட்டும் கருவியின் ஒலி எங்கள் குழந்தைகளுக்குத் தொடர்ந்து கேட்கிறது. இதுபற்றி இன்ன தேதியில் தங்களிடம் நேரில் தெரிவித்தேன். ஒலி அளவைக் காட்டும் படங்களை இணைத்துள்ளேன். கருவியின் அதிர்வெண்ணை மாற்றவும், அதை வேறு திசைக்குத் திருப்பவும் அன்புடன் வேண்டுகிறேன். தொட்டிகளுக்கு வலை பொருத்த உதவத் தயாராக உள்ளேன்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். நாளை இந்தக் கடிதத்தை ஓர் அதிகாரி படித்தால் யார் வழிக்கு வந்தார்கள் என்பது அந்த வரியில்தான் தெரியும். குடியிருப்போர் நலச்சங்கம் இருந்தால் செயலாளரிடம் ஒரு நகல் கொடுங்கள். அக்கம்பக்கத்தில் வேறு எந்த வீட்டுப் பிள்ளைக்குக் கேட்கிறது என்று விசாரித்துக் கையெழுத்து வாங்குங்கள். அது ஏன் முக்கியம் என்பது அடுத்த படியில்.

படி 8: புகார்

அதற்கு முன் செய்யக் கூடாதது. மதில் ஏறிக் குதித்து ஒயரைப் பிடுங்குவது, கல் எறிவது, ராத்திரி போய்ப் பெட்டியின் மேல் கோணியைப் போட்டு மூடுவது எல்லாம் அத்துமீறல், சொத்துச் சேதம் என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) 329, 324 பிரிவுகளில் உங்கள் மீதே திரும்பக்கூடியவை. நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் வழக்கு உங்கள் மேல் இருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? ஒலி மாசு ஒழுங்குமுறை, கட்டுப்பாட்டு விதிகள் 2000இன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. வரம்பை 10 டெசிபலோ அதற்கு மேலோ தாண்டினால், அல்லது இரவு நேரக் கட்டுப்பாடுகள் மீறப்பட்டால், உரிய அதிகாரியிடம் புகார் செய்யலாம்.

காகிதத்தில் இது பலமாகத் தெரிகிறது. நடைமுறையில் இந்த எண்களை மட்டும் நம்பிப் போக வேண்டாம் என்பது என் கருத்து. வரம்பு என்பது ஒரு நேரப்பகுதியின் சராசரி. பத்து விநாடி அடித்து ஓயும் கீச்சு சராசரியில் கரைந்துவிடும். மனிதக் காதைப் பின்பற்றும் அளவுகோலில் மீட்டர் உச்ச ஒலியைக் கழித்துவிடும். எங்கள் பக்கத்து லாரி, ரயில் இரைச்சல் ஏற்கெனவே எண்ணை ஏற்றி வைத்திருக்கும். சோதிக்க வருகிறவருக்கும் சத்தம் கேட்காமல் போகலாம்.

தொல்லை என்ற வழி இதைவிட நேரானது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 270ஆவது பிரிவு பொதுத் தொல்லையை விவரிக்கிறது, 292 அதற்கு 1,000 ரூபாய் வரை அபராதம் சொல்கிறது. இதற்கு அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குப் பொதுவாகப் பாதிப்பு இருக்க வேண்டும். ஒரு வீட்டின் புகார் தனிப்பட்ட சண்டையாகத் தெரியும், நாலு வீட்டின் கையெழுத்து தெருவின் புகார். படி 7இல் கையெழுத்து வாங்கச் சொன்னது இதற்காகத்தான்.

உள்ளூர் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் மனு கொடுத்து, மனு பதிவானதற்கான சிஎஸ்ஆர் ரசீது கேட்டு வாங்குங்கள். இந்தக் கட்டத்தில் நடப்பது பெரும்பாலும் இரண்டு தரப்பையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவதுதான். அங்கே நோட்டு, படங்கள், கால் வேகத்தில் ஓடும் ஒலிப்பதிவு, கடித நகல் எல்லாம் கையில் இருக்கட்டும். மணலி, எண்ணூர்ப் பக்கம் இருப்பவர்கள் கவனிக்க: 2022இல் ஆணையரகங்கள் பிரிந்தபின் அந்தப் பகுதிகள் ஆவடி காவல் ஆணையரகத்தின் கீழ் வருகின்றன. மேல்முறையீடு எழுதும்போது முகவரி மாறும். ராத்திரியில் 100க்கு அழைப்பது இதற்குப் பொருத்தமில்லை. ரோந்து வரும் நேரத்தில் பெட்டி ஓய்ந்திருந்தால் உங்கள் பேச்சுக்குத்தான் மதிப்புக் குறையும்.

காவல் நிலையத்தில் நகராவிட்டால் ராஜாஜி சாலையில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் மனு கொடுக்கலாம். முதல்வரின் உதவி எண் 1100இலும் பதியலாம். பொதுத் தொல்லையை அகற்ற உத்தரவிடும் அதிகாரம் மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவர்களுக்குப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆவது பிரிவில் இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133தான் இது. மனுவில் பிரிவின் எண்ணைக் குறிப்பிட்டால் சரியான மேசைக்குப் போகும்.

படி 9: சமரசமும் நீதிமன்றமும்

வழக்குக்கு முன் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். சென்னைக்கு உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது, தேசிய உதவி எண் 15100. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. வழக்கு போடாமலே மனு கொடுத்து மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்க்க முடியும். அங்கே ஏற்படும் உடன்பாடு தீர்ப்புக்குச் சமம், அதற்கு மேல்முறையீடு கிடையாது. அதனால் உடன்பாட்டில் "சத்தம் போடக் கூடாது" என்று மொட்டையாக எழுதவிடாதீர்கள். பெட்டி எந்த இடத்தில், எந்தத் திசையில், எந்த அதிர்வெண் நிலையில் இருக்கும், மறு மாடல் வாங்கினால் என்ன, வீடு கைமாறினால் அல்லது குடித்தனக்காரர் மாறினால் என்ன என்பதெல்லாம் வரியாக இருக்க வேண்டும்.

உரிமையியல் நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்டு வழக்குப் போடுவது கடைசி. குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் 1963இன் 38ஆவது பிரிவு நிரந்தரத் தடையுத்தரவுக்கு வழி தருகிறது, வழக்கு நடக்கும்போது இடைக்காலத் தடையும் கேட்கலாம். ஆனால் வாய்தா ஏறுவதற்குள் பெட்டியின் பேட்டரியே செத்திருக்கும். பிள்ளையின் உடல்நிலை உண்மையிலேயே பாதிக்கப்பட்டு, டாக்டர் சீட்டும் பதிவுகளும் இருந்து, பக்கத்து வீட்டார் எதற்கும் மசியவில்லை என்றால் மட்டும் வக்கீலைப் பாருங்கள். போகும்போது முதல் நாளிலிருந்து எழுதிய நோட்டை எடுத்துப் போங்கள், வக்கீல் முதலில் கேட்பது தேதிகளைத்தான்.